மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழை: ஃபிலடெல்ஃபியா நகரின் இருநூறு ஆண்டுப் பாடம்

இடிதாங்கியைக் கண்டறிந்தவர் என்று பள்ளிப் பாடநூல்கள் நமக்கு அறிமுகம் செய்துவைத்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தாம் மறைவதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1789 ஜூன் மாதத்தில், தம் உயிலுடன் ஓர் இணைப்பைச் சேர்த்தார். பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா ஆகிய இரு நகரங்களுக்கும் தலா ஆயிரம் பவுன் விட்டுச் செல்வதாகவும், அந்தப் பணத்தைத் தொழில் தொடங்கும் இளம் கைவினைஞர்களுக்குக் கடனாகக் கொடுத்துப் பெருக்க வேண்டும் என்றும், நூறு ஆண்டுகள் கழித்து அதில் ஒரு பகுதியைப் பொதுப்பணிக்குச் செலவிட வேண்டும் என்றும் அதில் எழுதினார். இறந்த பின்னும் நூற்றாண்டுகளுக்கு ஊருக்குப் பயன்பட வேண்டும் என்று ஒரு சொத்தை நிறுத்திவைக்கும் இந்த ஏற்பாடு, வக்ஃபை அறிந்த நமக்குப் புதியதாகத் தோன்றாது.

நம் கவனத்தை ஈர்ப்பது, ஃபிலடெல்ஃபியாவுக்காக அவர் பரிந்துரைத்த பொதுப்பணியும் அதற்கு அவர் சொன்ன காரணமும்தான். நகரத்தின் நிலப்பரப்பு கட்டடங்களாலும் கல் பாவிய தளங்களாலும் மூடப்பட்டு வருகிறது. மழையில் பெரும்பகுதியை அவை வெளியே வடித்துவிடுகின்றன. நீர் மண்ணுக்குள் இறங்கி ஊற்றுகளைப் புதுப்பிப்பதும் தூய்மையாக்குவதும் தடைபடுகிறது. ஆகவே கிணற்று நீர் படிப்படியாகக் கெட்டு, ஒரு நாள் பயன்படாமலே போகும் என்பது அவருடைய கணிப்பு. பழைய நகரங்கள் எல்லாவற்றிலும் இதுவே நடந்திருப்பதைத் தாம் கண்டதாகவும் குறிப்பிட்டு, ஊருக்கு வெளியே ஓடும் விஸ்ஸஹிக்கன் ஓடையிலிருந்து குழாய் வழியாக நீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்தக் குறிப்பில் இரண்டு செய்திகள் இருந்தன. வெளியிலிருந்து நல்ல நீரைக் கொண்டுவாருங்கள் என்பது ஒன்று. தரையை மூடினால் மழை தன் வேலையைச் செய்ய முடியாது என்பது மற்றொன்று. முதல் செய்தியை நகரம் விரைவில் ஏற்றுக்கொண்டது. இரண்டாவதை ஏற்றுக்கொள்ள அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியின் கதையை இங்கே சொல்ல விழைகிறோம். வீட்டு முற்றத்திலும் கடை வாசலிலும் பள்ளிவாசல் வளாகத்திலும் தளம் போட்டுக்கொண்டே இருக்கும் நமக்கு இந்த வரலாற்றில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு.

நீரைத் துரத்திய நூற்றாண்டு

ஃபிராங்க்ளின் இறந்த மூன்றாம் ஆண்டில், 1793-இல், ஃபிலடெல்ஃபியாவை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் ஐயாயிரம் பேர் வரை மாண்டனர். அந்நோயைக் கொசு பரப்புகிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. அழுக்கும் கெட்ட நீரும் காரணம் என்று நம்பிய மக்கள் நல்ல நீருக்காகக் குரல் எழுப்பினர். 1801-இல் ஸ்கைல்கில் ஆற்று நீர் நீராவி எந்திரத்தால் இறைக்கப்பட்டு நகரின் நடுவுக்கு வந்தது. 1815-இல் அதே ஆற்றங்கரையில் ஃபேர்மவுண்ட் நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கியது.

ஆற்று நீர் குழாயில் வந்தபின், தெருவில் விழும் மழை எவருக்கும் வேண்டாத பொருளாயிற்று. சாலை போடுவோரும் அதையே விரும்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்காடம் வகுத்த சாலைக்கலையின் அடிப்படை, சாலைக்கு அடியில் உள்ள மண்ணை ஈரமில்லாமல் வைத்திருப்பதாகும். உடைத்த ஜல்லியை இறுக்கி, நடுவைச் சற்றே உயர்த்தி, மழையை இருபுறமும் வழிந்தோடச் செய்ய வேண்டும் என்றார் அவர். மோட்டார் வண்டிகள் வந்து புழுதி எழுந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஜல்லியின் மேல் தாரும் சேர்ந்தது. நீர் புகாத சாலையே நல்ல சாலை என்பது பொறியாளர்களின் முதல் பாடமாக நிலைத்தது.

வழிந்தோடும் நீரைக் கொண்டுபோக நிலத்தடியில் கால்வாய்கள் கட்டப்பட்டன. ஃபிலடெல்ஃபியாவின் மேற்குப் பகுதியில் ஓடிய மில் கிரீக் போன்ற இயற்கை ஓடைகளே செங்கல் குழாய்களுக்குள் அடைக்கப்பட்டு, அவற்றின் மேல் தெருக்களும் வீடுகளும் எழுந்தன. வீட்டுக் கழிவும் மழைநீரும் ஒரே குழாயில் செல்லும் கலப்புச் சாக்கடை முறை அக்காலத்து வழக்கம். மழையில்லா நாட்களில் அதனால் தொல்லை இல்லை. பெருமழை நாளில் குழாய் கொள்ளாது. அப்போது மலமும் மழையும் கலந்த நீர், ஆற்றங்கரையில் அதற்கென வைக்கப்பட்ட வாய்கள் வழியாக நேரே ஆற்றில் கொட்டும். இன்றும் அந்நகரின் ஏறத்தாழ 60 சதவீதப் பகுதி இந்தக் கலப்புச் சாக்கடையையே நம்பியிருக்கிறது. ஆற்றை நோக்கித் திறக்கும் அத்தகைய வாய்கள் 164 உள்ளன. அந்த ஆறுகளிலிருந்துதான் நகரம் குடிநீரும் எடுக்கிறது.

தெரு கழுவிய நீரில் என்ன இருந்தது?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஆற்றைக் கெடுப்பவை ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் என்றே அனைவரும் நினைத்தனர். அமெரிக்கா 1972-இல் இயற்றிய தூய நீர்ச் சட்டமும் முதலில் அவற்றைத்தான் குறிவைத்தது. மழைநீர் விண்ணிலிருந்து வருவது. அதில் என்ன கேடு இருக்க முடியும் என்ற எண்ணம் நிலவியது. மழையை ரஹ்மத் என்று சொல்லிப் பழகிய நமக்கும் அந்த எண்ணம் இயல்பானதே. விழும்போது அது பெரும்பாலும் தூயதுதான். விழுந்த இடத்தில் நாம் விட்டுவைத்திருப்பதே அதைக் கெடுக்கிறது.

1978 முதல் 1983 வரை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நாடெங்கும் 28 ஆய்வுத் திட்டங்கள் வழியாக நகரத் தெருக்களில் வழிந்தோடிய மழைநீரைப் பிடித்துச் சோதித்தது. செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகிய மூன்று உலோகங்களும் பெரும்பாலான மாதிரிகளில் காணப்பட்டன. அவை எங்கிருந்து வந்தன என்பது விளங்காத புதிர் அன்று. வண்டியின் பிரேக் கட்டை தேயும்போது செம்பு உதிர்கிறது. டயர் தேய்மானத்திலும் தகரக் கூரையின் பூச்சிலும் துத்தநாகம் உண்டு. அக்காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. இவற்றோடு எஞ்சினிலிருந்து சொட்டும் எண்ணெய், புகைக்கரி, நாய்க் கழிவு, தோட்டத்து உரம் எல்லாம் தரையில் சேர்ந்து கிடக்கும். பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் நீர் இவை அனைத்தையும் அள்ளிக்கொண்டு ஓடும். வடிகாலில் முதலில் வரும் கறுத்த நீரை எந்த ஊரிலும் காணலாம்.

நீரின் தூய்மையைப் பேசும்போது நிறம், சுவை, மணம் மூன்றையும் பார்க்க வேண்டும் என்று மதரஸா வயதிலேயே நாம் படித்திருக்கிறோம். கண்ணும் நாக்கும் மூக்கும் அறியக்கூடிய கேட்டை விலக்க அந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. எனினும் தெருநீரில் கரைந்திருக்கும் உலோகம் இம்மூன்றையும் மாற்றாத அளவிலேயே தீங்கு செய்ய வல்லது. கரைந்த செம்பு மிகச் சிறு அளவில் இருந்தாலே சால்மன் மீன் தன் மோப்ப உணர்வை இழக்கிறது என்று அறிஞர்கள் கண்டுள்ளனர். மோப்பத்தை இழந்த மீனுக்குப் பகையை அறிந்து தப்பும் திறனும் குறைகிறது. பார்வைக்குத் தெளிந்து நிற்கும் ஓடையிலும் இது நடக்கலாம்.

1987-இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு, மழைநீர் வடிகாலும் மாசு வழியே என்று ஏற்கப்பட்டது. 1990-இல் பெருநகரங்கள் தங்கள் மழைநீருக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆனால் தெருவெங்கும் பரவி வரும் மாசுக்கு எங்கே சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது? நீர் ஓரிடத்தில் திரண்டு பெருகுமுன், விழுந்த இடத்திலேயே அதை வடிகட்டினால் என்ன என்ற கேள்வி அங்கிருந்து வலுப்பெற்றது. அதற்கான விடை ஒன்று ஃபிலடெல்ஃபியாவிலேயே முன்னதாக எழுதப்பட்டிருந்தது.

ஓட்டையுள்ள தளம்

ஃபிராங்க்ளினின் பெயரைத் தாங்கி 1824-இல் அந்நகரில் தொடங்கப்பட்ட அறிவியல் நிறுவனம் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட். அதன் ஆய்வகங்களில் எட்மண்ட் தெலனும் அவருடைய குழுவினரும் 1972-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக ஓர் அறிக்கை அளித்தனர். நகரத்தின் வழிந்தோடும் நீரைக் கட்டுப்படுத்த, நீர் உள்ளே புகும் தார்த் தளங்களைப் போடலாமா என்பதே அதன் பொருள். சாலைக்கு அடியில் நீர் போகக் கூடாது என்ற மெக்காடம் காலத்துப் பாடத்தை அது நேர் எதிராகத் திருப்பியது.

அந்தத் தளத்தின் அமைப்பு எளிது. வழக்கமான தார்க் கலவையில் பெரிய ஜல்லிகளுக்கு இடையே உள்ள சந்தை மணலும் கல்தூளும் நிரப்பும். அந்தப் பொடியை நீக்கிவிட்டால் சந்துகள் திறந்தபடியே இருக்கும். ஊற்றிய நீர் கண்முன் மறையும். அத்தளத்திற்கு அடியில், ஒரே அளவான கழுவிய ஜல்லியால் ஆழமான படுகை அமைக்கப்படும். ஒரே அளவுக் கற்களுக்கு இடையில் பத்தில் நான்கு பங்கு வெற்றிடம் இருக்கும். ஆகவே ஓர் அடி ஆழமுள்ள படுகை ஏறத்தாழ 12 செ.மீ. மழையைத் தன்னுள் தாங்கிக்கொள்ளும். அதற்கும் அடியில் உள்ள மண்ணை ரோலர் விட்டு இறுக்காமல் விட்டுவிட வேண்டும். படுகையில் தேங்கிய நீர் ஓரிரு நாளில் அந்த மண்ணுக்குள் மெல்ல இறங்கிவிடும். சிமெண்ட் கற்களை இடைவெளி விட்டுப் பதித்து, இடைவெளியில் சிறு சிப்ஸ் ஜல்லி நிரப்பும் முறையும், ஓட்டையுள்ள கான்கிரீட்டும், புல் வளரும் கட்டங்களும் இதே கொள்கையின் வேறு வடிவங்கள்.

இத்தளம் நீரை எவ்வாறு தூய்மையாக்குகிறது? முதலாவதாக, நீரில் மிதந்துவரும் நுண்துகள்கள் மேற்பரப்பின் சந்துகளில் சிக்கிக்கொள்கின்றன. தெருநீரில் உள்ள உலோகத்தில் கணிசமான பங்கு இத்துகள்களில் ஒட்டியே வருவதால், துகள் நின்றால் உலோகமும் நிற்கிறது. இரண்டாவதாக, கரைந்த உலோகத்தின் ஒரு பகுதி ஜல்லியின் மேலும் அடிமண்ணிலும் படிகிறது. மூன்றாவதாக, காற்றோட்டமுள்ள படுகைக் கற்களில் நுண்ணுயிர்கள் குடியேறி எண்ணெயைச் சிதைக்கின்றன. கடைசியாக, ஓடும் நீரின் அளவே குறைவதால் சாக்கடை நிரம்பி ஆற்றில் கொட்டுவதும் குறைகிறது.

முதல் முயற்சிகளும் முதல் தோல்விகளும்

1977-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்டன் குளத்தருகே இவ்வகை வாகன நிறுத்துமிடம் அமைக்கப்பட்டது. 1978-இல் தெலன், ஃபீல்டிங் ஹோ என்பவருடன் சேர்ந்து இத்தளத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1984-இல் ஃபிலடெல்ஃபியாவின் மாரிஸ் மரத்தோட்டத்தில் இத்தகைய நிறுத்துமிடம் போடப்பட்டது. ஃபிராங்க்ளின் தம் உயிலில் பெயர் சொன்ன விஸ்ஸஹிக்கன் ஓடை அத்தோட்டத்தை ஒட்டியே ஓடுகிறது.

இவை நன்றாக உழைத்தன. ஆனால் அதே காலத்தில் பல இடங்களில் போடப்பட்ட தளங்கள் சில ஆண்டுகளிலேயே அடைத்துக்கொண்டன. சில இடங்களில் பணி முடியுமுன் பக்கத்து மண்மேட்டிலிருந்து சேறு வழிந்து சந்துகளை மூடியது. சில இடங்களில் அடிமண்ணை வழக்கப்படி ரோலரால் இறுக்கிவிட்டனர். குளிர்காலத்தில் பனி வழுக்காமலிருக்க மணல் தூவினர். ஒரு தளம் பழசாகத் தெரிந்தால், அதன் தன்மை தெரியாத ஊழியர் மேலே தார் பூசி மூடிய கதையும் உண்டு. நீர் தேங்கியது. இது ஆய்வகத்தில் மட்டும் நடக்கும் வேடிக்கை என்று பொறியாளர்கள் ஒதுக்கினர்.

உண்மையில் அடைத்துக்கொள்வது அத்தளத்தின் குறை என்பதைவிட அதன் வேலை என்பதே பொருந்தும். ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய அழுக்கு மேலே தங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பள்ளிவாசலின் ஹவுளைக் குறித்த காலத்தில் தூர்வாரிக் கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதற்காக ஹவுள் கட்டியதே பிழை என்று எவரும் சொல்வதில்லை. வடிகட்டி ஒன்றை வாங்கியவர் அதைக் கழுவும் கடமையையும் வாங்கியிருக்கிறார். தொடக்க ஆண்டுகளில் தளத்தைப் போட்டவர் ஒருவராகவும் பராமரிக்க வேண்டியவர் வேறொருவராகவும் இருந்தனர். இரண்டாமவருக்கு எவரும் எதையும் சொல்லிவைக்கவில்லை. தோல்விகளில் பல அங்கிருந்தே வந்தன.

அளந்து பார்த்தவர்கள்

நம்பிக்கையை மீட்டவை நீண்டகால அளவீடுகள். 1986-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் கிறிஸ் பிராட் என்னும் ஆய்வாளரின் முயற்சியில் ஒரு கல்லூரி நிறுத்துமிடம் இதற்கெனவே அமைக்கப்பட்டது. படுகைக்கு நான்கு வகைக் கற்களைப் பயன்படுத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் வெளிவரும் நீரைத் தனித்தனியே சோதித்தனர். சொட்டும் எண்ணெயைப் படுகையில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கின்றன என்பதை அவரும் அவருடைய குழுவினரும் பின்னர் ஆய்வகத்தில் பல்லாண்டு சோதனைகளால் நிறுவினர்.

பிரான்சில் நாந்த் நகரை அடுத்த ரெஸே என்னும் ஊரில் 1988-இல் ஒரு தெரு முழுவதும் இம்முறையில் போடப்பட்டது. வண்டிகள் ஓடும் உண்மையான தெரு அது. அருகிலுள்ள வழக்கமான வடிகால் பகுதியோடு ஒப்பிட்டபோது, இத்தெருவிலிருந்து வந்த நீரில் மிதக்கும் துகள்களின் சுமை 64 சதவீதமும் ஈயத்தின் சுமை 79 சதவீதமும் குறைந்திருந்தன. உலோகம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே பிடிபட்டிருந்தது. அடிமண் குறிப்பிடத்தக்க அளவில் கெடவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரை அடுத்த ரெண்டன் ஊரில், 1996-இல் ஓர் அலுவலக நிறுத்துமிடத்தில் நான்கு வகை நீர்புகு தளங்களும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரணத் தார்த் தளமும் அருகருகே போடப்பட்டன. ஆறு ஆண்டுகள் அன்றாடம் வண்டிகள் நின்ற பிறகு பிராட்டிபோ, பூத் என்னும் இரு ஆய்வாளர்கள் அவற்றைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். நீர்புகு தளங்களில் மழை ஏறத்தாழ முழுவதுமாக உள்ளே இறங்கியிருந்தது. சாதாரணத் தார்த் தளத்தில் வழிந்த நீரின் மாதிரிகளில் 89 சதவீதத்தில் எஞ்சின் எண்ணெய் இருந்தது. நீர்புகு தளங்களின் வழியே இறங்கிய நீரில் ஒரு மாதிரியிலும் இல்லை. செம்பும் துத்தநாகமும், தார்த் தள நீரின் மாதிரிகளில் 97 சதவீதத்தில் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும் அளவில் இருந்தன. உள்ளே இறங்கிய நீரின் 36 மாதிரிகளில் 31, அந்த அளவுக்குக் கீழேயே இருந்தன.

அதே சியாட்டில் வட்டாரத்தில் இன்னொரு புதிரும் இருந்தது. கோஹோ என்னும் சால்மன் மீன்கள் முட்டையிட ஓடைகளுக்குத் திரும்பும்போது, மழை பெய்தவுடன் கூட்டமாகச் செத்தன. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் உழைத்தவர்களும் 2020-இல் காரணத்தை அறிவித்தனர். டயரில் வெடிப்பு விழாமலிருக்க ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து கொடிய நஞ்சாக மாறுகிறது. மழை அதைச் சாலையிலிருந்து ஓடைக்குக் கொண்டுசெல்கிறது. பின்னர் நடந்த சோதனையில், நீர்புகு தளங்கள் டயர் துகள்களில் 96 சதவீதத்துக்கும் மேல் தடுத்ததும், அந்த நஞ்சின் அளவைச் சராசரியாக 68 சதவீதம் குறைத்ததும் தெரிந்தன.

வரம்புகளையும் சொல்வது நேர்மை. கரைந்த உப்பை இத்தளம் தடுப்பதில்லை. உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் பெரும்பாலும் அதன் வழியே இறங்கிவிடும். நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும் இடத்திலும், குடிநீர்க் கிணற்றை ஒட்டியும், பெட்ரோல் பங்க் அல்லது வண்டிப் பட்டறை வாசலிலும் இதைப் போடலாகாது. மேலே ஓடவேண்டிய நஞ்சை அங்கே நாமே கீழே அனுப்பியதாகிவிடும். பாரமான லாரிகள் விரையும் நெடுஞ்சாலைக்கும் இது ஏற்றதன்று. முற்றம், நடைபாதை, நிறுத்துமிடம், சிறு தெரு ஆகியவையே இதற்குரிய இடங்கள்.

நாற்பது ஆண்டு கழித்துத் தன் தெருவில்

இனி மீண்டும் ஃபிலடெல்ஃபியா. கலப்புச் சாக்கடை வழிந்து ஆற்றில் கொட்டுவதைக் குறைக்க அந்நகரம் சட்டத்தால் கட்டுப்பட்டிருந்தது. மாபெரும் சுரங்கங்களை வெட்டி அந்நீரைத் தேக்கிவைப்பது மற்ற நகரங்கள் பின்பற்றிய வழி. ஃபிலடெல்ஃபியா 2011-இல் வேறு வழியைத் தேர்ந்தது. 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலப்பரப்பில், பெய்யும் மழையின் முதல் பகுதியை விழுந்த இடத்திலேயே ஏற்கும் ஏற்பாடுகளைச் செய்வது என்று திட்டமிட்டது. மரக்குழிகள், மழைத் தோட்டங்கள், நீர்புகு தளங்கள் ஆகியவை அதில் அடங்கும். அதே ஆண்டில் நகரின் தெற்குப் பகுதியில் உள்ள பெர்சி தெரு என்னும் குறுகிய தெரு, நகரின் முதல் நீர்புகு தெருவாகத் திறக்கப்பட்டது. ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டின் அறிக்கை வெளிவந்து 39 ஆண்டுகளும், உயில் எழுதப்பட்டு 222 ஆண்டுகளும் ஆகியிருந்தன.

அதற்குச் சற்றுமுன், 2010-இல், நகரம் இன்னொரு மாற்றமும் செய்திருந்தது. வீடல்லாத இடங்களுக்கு மழைநீர்க் கட்டணத்தைக் குழாய்நீர் மீட்டரின் அளவை வைத்துக் கணக்கிடாமல், எவ்வளவு நிலத்தை நீர்புகாமல் மூடியிருக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடத் தொடங்கியது. ஒரு சொட்டுக் குழாய்நீரும் பயன்படுத்தாத பெரிய நிறுத்துமிடங்கள் அதுவரை ஏதும் செலுத்தாமல் இருந்தன. அவற்றின் சுமையை ஊரார் சுமந்தனர். நிலத்தை மூடியவரே அதன் விளைவுக்கும் பொறுப்பு என்ற எளிய நியாயம் அப்போதுதான் கணக்கில் ஏறியது.

இந்நெடிய தாமதத்துக்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. 1789-இலேயே கண்டவர் இருந்தார். 1972-இலேயே செய்முறை எழுதப்பட்டது. நம் வாசலிலிருந்து நீர் வெளியேறிவிட்டால் நம் பொறுப்பும் முடிந்தது என்ற எண்ணமே குறுக்கே நின்றது. சரிவு கொடுத்து அடுத்தவர் பக்கம் தள்ளிய நீர், அழுக்கைச் சுமந்துகொண்டு கீழே வாழ்பவரின் ஓடைக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேருகிறது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி அதிகம் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் பொருள் விளங்காமல் போகாது.

நம் முற்றங்கள்

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அது பெரும்பாலும் கூரை நீரையே கருதியது. கூரை நீர் ஓரளவு தூயது, உறைகிணற்றில் விடலாம். வண்டிகள் நிற்கும் தரையின் நீர் அப்படிப்பட்டதன்று. அதை வடிகட்டாமல் கிணற்றுக்குள் விடக்கூடாது. தெருவுக்குத் தள்ளுவதும் தீர்வாகாது. பேவர் பிளாக் பதித்துவிட்டால் நீர் தானாக இறங்கும் என்று பலர் நினைக்கின்றனர். கான்கிரீட் படுக்கையின் மேல் பதித்து, இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடைத்த கல், தார்ச்சாலையைவிட எவ்வகையிலும் மேலானதன்று. அதே கல்லை, கழுவிய ஜல்லிப் படுகையின் மேல், இடுக்குகளில் சிப்ஸ் நிரப்பிப் பதித்தால் அது வடிகட்டியாகிறது. கொத்தனார் வேலையைத் தொடங்குமுன் இந்த வேறுபாட்டைக் கேட்டறிந்து சொல்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. பள்ளிவாசல் வளாகமானால் ஜமாஅத் நிர்வாகத்தின் பொறுப்பு.

போட்ட பிறகு செய்யவேண்டியது அதனினும் முக்கியம். மணல், ஜல்லித்தூள், சிமெண்ட் ஆகியவற்றை அத்தளத்தின் மேல் கொட்டிக் கலவை போடக்கூடாது. சருகையும் புழுதியையும் அவ்வப்போது கூட்டி அள்ள வேண்டும். மேல்நாடுகளில் உறிஞ்சு எந்திரம் கொண்டு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை சுத்தம் செய்கிறார்கள். நம் சிறு முற்றங்களில் இடுக்கில் உள்ள பழைய சிப்ஸைக் கிளறி எடுத்து, கழுவியதையோ புதியதையோ இட்டு நிரப்பினாலே போதும். ஒவ்வோர் ஆண்டும் ரமளானுக்கு முன் பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்து, ஹவுளைக் கழுவி, பாய்களை உதறிப் போடுகிறோம். எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அது ஊரின் வழக்கமாகிவிட்டது. மழைக்காலத்துக்கு முன் முற்றத்தின் இடுக்குகளைச் சுத்தம் செய்வதும் அந்தப் பட்டியலில் ஏறிவிடுமானால், ஃபிலடெல்ஃபியா இருநூறு ஆண்டுகளில் கற்றதை நாம் ஒரு தலைமுறைக்குள் கற்றவர்களாவோம்.